குடிவந்த முதல் வீடும் கடைசி டிப்பர் லாரியும்

புதிய மனைப்பிரிவில் முதல் வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் பார்க்கிற காட்சி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். அவர்கள் வீடு முடிந்துவிட்டது. பக்கத்து மனையில் தூண்கள் எழும்பி நிற்கின்றன. அதற்கடுத்த மனையில் கடைக்கால் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே கொட்டிய ஜல்லி சாலையில் பாதியை அடைத்துக் கிடக்கிறது. பின்பக்கம் முழுக்க இன்னும் வெறும் மண். வாசலில் கோலி விளையாடும் பிள்ளைக்கு அது தன் தெரு. லோடு ஏற்றி வரும் டிரைவருக்கு அது இன்னும் வேலைத்தளம். ஒரே சாலையை இரண்டு பேர் இரண்டு விதமாக நினைத்துக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். புதிய குடியிருப்புகளில் கட்டுமான வண்டிகளால் வரும் ஆபத்தின் வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

பொதுவாக நாம் நினைப்பது வேறு. பொக்லைன்களும் ரோடு ரோலர்களும் இரைந்துகொண்டிருக்கும் ஆரம்பக் கட்டம்தான் ஆபத்தானது, வீடுகள் எழும்பிவிட்டால் நிலைமை சீராகிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த ஆரம்பக் கட்டத்தில் சுற்றிலும் வேலி இருக்கும், ஒரே ஒரு வாசல் இருக்கும், உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் வேலை தெரிந்தவர்கள். வண்டி வரும் என்று எதிர்பார்த்தே நடப்பார்கள். முதல் குடும்பம் வந்த அன்றே வேலியில் வழி திறக்கிறது. அப்புறம் தபால்காரர் வருகிறார், பள்ளி வேன் வருகிறது, பார்சல் கொண்டுவருகிறவர் வழி தெரியாமல் சுற்றுகிறார். புதிய தெருக்கள் கைபேசி வரைபடத்தில் ஏறியிருக்காது என்பதால் அவர் கண் சாலையில் இருப்பதைவிட வீட்டு எண்ணைத் தேடுவதில்தான் இருக்கும். இதற்கிடையில் லாரிகள் குறைவதில்லை. ஆட்கள் கூடுகிறார்கள், லாரிகளும் அதே அளவில் ஓடுகின்றன. ஆபத்து உச்சத்துக்குப் போவது இந்த இடைக்காலத்தில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 வீடுகள் உள்ள மனைப்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு 100 சதுர மீட்டர் தளம், 12 சென்டிமீட்டர் கனம் என்றால் அந்த ஒரு தளத்துக்கே 12 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். மிக்சர் லாரி ஒன்று 6 கன மீட்டர் கொண்டுவந்தால் இரண்டு லோடு. அஸ்திவாரம், தூண், உத்தரம் எல்லாம் தனி. பிறகு மண், மணல், ஜல்லி, செங்கல், கம்பி, சென்ட்ரிங் சாமான், மரம், டைல்ஸ், இடிபாட்டுக் குப்பை. ஒரு வீட்டுக்கு 50 கனரக வண்டி வருகிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால் 60 வீட்டுக்கு 3,000 வண்டி. வந்தது திரும்பவும் போக வேண்டும், ஆக 6,000 தடவை. வாசல் ஒன்றே ஒன்று என்றால் அந்த 6,000 தடவையும் வாசலருகே இருக்கும் முதல் வீட்டின் முன்னால்தான். இரண்டு வருஷத்தில் 600 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்குப் பத்து. கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் சராசரி நம்மை ஏமாற்றும். ஒன்றும் வராத நாட்களும் உண்டு, ஒரே நாளில் மூன்று வீட்டுக்குக் கான்கிரீட் போடும் நாளும் உண்டு. விபத்துக்கு வாய்ப்பு அதிகம் அந்த நெருக்கடியான நாளில்தான்.

சரி, என்ன செய்யலாம்? "மெதுவாகச் செல்லவும்" என்று ஒரு பலகை எழுதி வைப்பதுதான் பலருக்கு முதலில் தோன்றும். உண்மையில் அது கடைசியில் வர வேண்டியது. பாதுகாப்பில் பெரும்பகுதி, முதல் லாரி வருவதற்கு முன்பே, வரைபடத்தில் முடிவாகிவிடுகிறது. எந்தப் பக்கம் முதலில் கட்டப் போகிறோம், லாரி எந்த வழியில் வந்து எந்த வழியில் போகும் என்ற இரண்டு கேள்விகளில் அது அடங்கியிருக்கிறது.

வழக்கமாக நடப்பது என்ன? சாலை வாசலில் தொடங்கி உள்நோக்கிப் போடப்படுகிறது. தண்ணீர்க் குழாயும் மின் கம்பியும் அதே திசையில் நீள்கின்றன. அதனால் வாசல் பக்கத்து மனைகள் முதலில் தயாராகி, முதலில் விற்று, அங்கேதான் முதலில் குடிவருகிறார்கள். அதன் பிறகு பின்பக்கத்துக்குப் போகும் ஒவ்வொரு லோடும் குடிவந்தவர்களின் வாசலை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை, வேலை தானாக அந்தத் திசையில் உருண்டு போகிறது. அதைத் திருப்பத்தான் திட்டம் வேண்டும்.

மூன்று வழிகள் இருக்கின்றன. பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ லாரிகளுக்கென்றே ஒரு தற்காலிகச் சரளைச் சாலை போட்டு, குடியிருப்பவர்கள் வாசலை அவர்களுக்கு மட்டும் விட்டுவிடலாம். இதுதான் சிறந்தது. நிலம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால், கடைசி மனையிலிருந்து வாசலை நோக்கிக் கட்டிக்கொண்டு வரலாம். ஆனால் அதற்கு முழுச் சாலையையும் முன்கூட்டியே போட வேண்டும், பணம் நெடுநாள் முடங்கும் என்று மனை போடுபவர்கள் தயங்குவார்கள். மூன்றாவது, மனைப்பிரிவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் வேலை முழுக்க முடிந்த பிறகே அங்கே ஆள் குடிவரவிட்டு, அடுத்த பகுதிக்கு நடுவில் உண்மையான வேலி போடுவது. ரிப்பன் கட்டுவது வேலி ஆகாது. பிள்ளைகள் நுழைய முடியாத வேலி வேண்டும். பெரும்பாலான இடங்களில் நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தற்காலிகச் சாலைக்குச் செலவு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போட்டு முடித்த தார்ச் சாலையில் லாரியை ஓட்டவிடுவதற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு வரும் சேதம் அச்சின் எடையோடு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது அதில் தெரியவந்தது. 1 டன் அச்சு ஒரு தடவை போவதால் வரும் தேய்மானத்தைப்போல 10 டன் அச்சு ஏறக்குறைய 10,000 மடங்கு தேய்மானத்தை உண்டாக்கும். மனை வாங்கியவர்களுக்கு நல்ல சாலை தருவதாகச் சொல்லியிருப்பவருக்கு இந்த ஒரு கணக்கே போதும், லாரிக்குத் தனி வழி போட.

வழியைப் பிரிப்பதற்கு அடுத்தபடி, என்னைக் கேட்டால் ரிவர்ஸ் எடுப்பதைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். வேலையிடங்களில் வண்டியால் நேரும் மரணங்களில் ஏறக்குறைய கால் பங்கு வண்டி பின்னால் வரும்போது நடப்பதாக பிரிட்டனின் வேலைப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. ஒரு வண்டி ஓடும் நேரத்தில் ரிவர்ஸில் போகும் நேரம் எத்தனை கொஞ்சம் என்று யோசித்தால் அந்தக் கால் பங்கின் கனம் புரியும்.

மிக்சர் லாரி ஒன்று முட்டுச்சந்துக்குள் ரிவர்ஸில் வருவதைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள். 6 கன மீட்டர் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல், வண்டியையும் சேர்த்தால் 25 டன்னைத் தாண்டும். சுழலும் டிரம் பின்பக்கப் பார்வையை முழுக்க மறைத்துவிடுகிறது. டிரைவருக்கு இருப்பதெல்லாம் இரண்டு பக்கக் கண்ணாடிகள். டிரம்மின் இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. கிளீனர் பின்னால் நின்று "வா, வா" என்று கையை ஆட்டுகிறார், அதே நேரம் மேஸ்திரியும் எதிர்ப் பக்கத்திலிருந்து கையை ஆட்டுகிறார். எந்தக் கையைப் பார்ப்பது? கிளீனர் டிரைவரின் கண்ணாடியிலிருந்து மறைந்த அந்தக் கணத்தில் வண்டி நின்றிருக்க வேண்டும். ஆனால் நிற்பதில்லை, "எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்று இன்னும் இரண்டு மீட்டர் வருகிறது. அந்த இரண்டு மீட்டரில்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும் பையன் நின்றிருப்பான்.

இதற்கு முதல் மருந்து, ரிவர்ஸே தேவைப்படாதபடி வழியை அமைப்பது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் ஒருவழிச் சுற்று அமைந்துவிட்டால் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முட்டுச்சந்து தவிர்க்க முடியாதது என்றால், அதன் முனையில் இருக்கும் மனையைக் கடைசிவரை கட்டாமல் விட்டு வண்டி திருப்பும் இடமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில்தான் சைகை காட்டும் ஆள். அவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், சைகைகளை டிரைவரோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது, தான் ஒதுங்கிக்கொள்ள ஒரு வழி எப்போதும் வைத்திருக்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வண்டி நின்றாக வேண்டும். இந்த ஒரு விதியில் விதிவிலக்கே கூடாது. ரிவர்ஸ் ஒலிப்பான் நல்லதுதான், ஆனால் நாள் முழுக்கக் கீச்சிடும் சத்தம் ஒரு வாரத்தில் காதுக்குப் பழகிவிடும், அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது சில வண்டிகளில் 'உஷ் உஷ்' என்று சீறுகிற மாதிரி ஒலிப்பான் வருகிறது. எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது என்பது அதில் சட்டென்று தெரியும், அண்டை வீட்டாருக்கும் தொல்லை குறைவு.

பின்னால் மட்டும்தான் கண் மறைகிறது என்று நினைத்துவிட வேண்டாம். உயரமான கேபினில் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் கண் தரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கும். முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு அவர் பார்வையை வெட்டிவிடுவதால், பம்பரை ஒட்டி நிற்கும் ஒரு மீட்டர் உயரக் குழந்தை அவருக்குத் தெரியவே தெரியாது. டிரைவர் இருக்கைக்கு எதிர்ப் பக்கத்தில் மறையும் இடம் இன்னும் பெரிது. லண்டனில் லாரி மோதிச் சைக்கிள்காரர்கள் இறப்பது தொடர்ந்தபோது, அதில் கட்டுமான லாரிகளின் பங்கு அதிகமாக இருப்பதைக் கண்டு 2013-இல் கட்டுமானத் துறையே தனக்கென ஒரு பொது நெறிமுறையை வகுத்துக்கொண்டது. பிறகு லண்டன் போக்குவரத்துத் துறையினர், டிரைவர் கேபினிலிருந்து எவ்வளவு தூரம் நேரடியாகப் பார்க்க முடிகிறது என்பதை வைத்து லாரிகளுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுத்து, 2021 மார்ச் முதல் அதை அமலாக்கினார்கள். 2024 அக்டோபரில் குறைந்தபட்சம் மூன்று நட்சத்திரம் என்று உயர்த்தினார்கள். அதை எட்டாத லாரி கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தினால்தான் நகருக்குள் வரலாம். இதற்காக லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையில், கண்ணால் நேரே பார்ப்பதைவிடக் கண்ணாடி வழியே பார்த்துச் செயல்பட 0.7 விநாடி கூடுதலாக ஆவது தெரிந்தது. மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் வண்டி 4.7 மீட்டர் போய்விடும். வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவில் அவ்வளவு தூரம்கூட இருக்காது.

வேகத்தைப் பற்றி எல்லாரும் நிறையப் பேசுகிறார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாலை வடிவமைப்பில் டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க இரண்டரை விநாடி என்று வைத்துக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 35 மீட்டர் வேண்டும், 50 கிலோமீட்டரில் 65 மீட்டர் வேண்டும். இப்போது ஒரு முக்குத் திருப்பத்தில் ஆளுயரத்துக்குச் செங்கல் அடுக்கியிருக்கிறது என்று வையுங்கள். பார்வை பத்து மீட்டரில் முடிந்துவிடுகிறது. அங்கே என்ன வேகப் பலகை வைத்து என்ன பயன்? செங்கலை நகர்த்துவதுதான் வேலை. திருப்பத்தில் எதையும் அடுக்கக் கூடாது, சாலையில் எதையும் கொட்டக் கூடாது, சாமான் அந்தந்த மனைக்குள்ளேயே இறங்க வேண்டும் என்பதைக் கறாராகப் பிடித்தாலே வேகப் பிரச்சினையில் பாதி தீரும். மீதிப் பாதிக்குச் சாலையைக் குறுக்கிவிடுங்கள். லாரி போகும் வழியில் வேகத்தடை போட்டால் லோடு குலுங்கிச் சிதறும், வீடு அதிரும். வேகத்தடைக்குப் பதில் வழியைக் குறுக்கினால், அது டிரைவரின் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து தானாகவே தூக்க வைக்கும்.

வேலை முடியாத சாலைக்கென்று தனியாகச் சில ஆபத்துகள் இருக்கின்றன. லாரிகள் ஓடி முடியும்வரை மேலடுக்குத் தார் போடாமல் அடியடுக்கோடு விட்டு வைப்பது வழக்கம், அது சரியான முடிவும்கூட. ஆனால் மேன்ஹோல் மூடிகளை மேலடுக்கின் மட்டத்துக்கு ஏற்கெனவே வைத்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு மூடியும் சாலையிலிருந்து சில சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். பகலில் தெரியும். தெருவிளக்குக்கு இன்னும் மின்சாரம் வந்திருக்காத ராத்திரியில், மழைத் தண்ணீர் தேங்கிய நிலையில், இருசக்கர வண்டியில் வருபவருக்கு அது கல்லில் மோதுவது போலத்தான். மூடியைச் சுற்றி நாலாபுறமும் தாரைச் சரிவாக இழைத்துவிட ஓர் ஆளுக்கு ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமே இல்லை.

அடுத்தது சேறு. டயரில் ஒட்டிய களிமண் வாசலைத் தாண்டி பிரதான சாலையில் நூறு மீட்டருக்கு இழுபட்டுக் கிடக்கும், ஒரு தூறல் போட்டால் வழுக்கும். வாசலில் 5 முதல் 7 சென்டிமீட்டர் பருமனுள்ள ஜல்லியை 15 சென்டிமீட்டர் கனத்தில் குறைந்தது 15 மீட்டர் நீளத்துக்குப் பரப்பி, அடியில் ஜல்லி மண்ணில் புதையாமல் தாங்கும் துணிப்படலம் விரித்துவிட்டால், வண்டி அதன் மேல் ஓடி வரும்போதே டயர் மண்ணை உதிர்த்துவிடும். மண் அதிகம் ஒட்டும் இடத்தில் டயர் கழுவும் தொட்டியும் வேண்டும். தூசு அடங்கத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் அளவோடு தெளிக்க வேண்டும், இல்லையென்றால் தூசுப் பிரச்சினை சேற்றுப் பிரச்சினையாக மாறிவிடும்.

குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை ஒட்டி லாரி போவதும் ஆபத்துதான். பள்ளத்தில் யாரும் விழாமல் தடுப்பு வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். விளிம்பை நெருங்கும் லாரியின் பாரமே பள்ளத்தின் சுவரைச் சரித்துவிடும், உள்ளே ஆள் வேலை செய்துகொண்டிருந்தால் அவர் மேல்தான் விழும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அதனால் தடுப்பை விளிம்பில் வைக்கக் கூடாது, லாரியின் பாரம் பள்ளத்தை எட்டாத அளவுக்குத் தள்ளி வைக்க வேண்டும். தலைக்கு மேலே ஓடும் மின்கம்பியையும் யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். டிப்பர் தொட்டியைத் தூக்கியபடியே பத்தடி முன்னால் நகர்த்துகிற பழக்கம் பல டிரைவர்களுக்கு உண்டு.

பிரதான சாலையோடு மனைப்பிரிவை இணைக்கும் வேலை நடக்கும்போது, வெளியிலிருந்து வேகமாக வருகிறவர்களைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இங்கே நான் அடிக்கடி பார்க்கும் தவறு, தடத்தை மூடக் கூம்புகளைச் சட்டென்று குறுக்கே வைத்துவிடுவது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்துக்கு அமெரிக்கச் சாலைக் குறியீட்டுக் கையேடு இதற்கொரு வாய்ப்பாடு தருகிறது. மீட்டர் கணக்கில், மூடும் அகலத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 155-ஆல் வகுக்க வேண்டும். 3.5 மீட்டர் தடம், 50 கிலோமீட்டர் வேகம் என்றால் சுமார் 56 மீட்டர் வருகிறது. அத்தனை நீளத்துக்குக் கூம்புகளைச் சாய்வாக வைத்து வண்டிகளை மெல்ல ஒதுக்கிக் கொண்டுபோக வேண்டும், அதற்கும் முன்னால் எச்சரிக்கைப் பலகைகள். வாசல் கேட்டை உள்ளே தள்ளி வைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். காத்திருக்கும் லாரியின் முழு நீளமும் உள்ளே அடங்கினால்தான் அதன் வால் பிரதான சாலையில் நீட்டிக்கொண்டிருக்காது.

இனி நேரம். கலந்த கான்கிரீட்டை சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் அளவுகோல். வெயில் ஏறினால் அதுகூடக் கிடைக்காது. மிக்சர் லாரி டிரைவர் அவசரப்படுவதற்குக் காரணம் குணம் அல்ல, அவர் முதுகில் கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கிறது. போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு, கேட்டில் காத்திருந்து, மூன்றாவது லோடு கொண்டுவருகிறவர் உள்ளே நுழைந்ததும் அழுத்தத்தான் செய்வார். அவரைத் திட்டிப் பயனில்லை. பள்ளி வேன் வரும் காலை நேரத்திலும் பிள்ளைகள் திரும்பும் மாலை நேரத்திலும் லோடு வராதபடி ஆர்டரை அமைக்க வேண்டும். அடுத்தடுத்த லாரிகள் வெளியே ஒதுக்கிய இடத்தில் நின்று, கூப்பிட்ட பிறகு ஒவ்வொன்றாக உள்ளே வர வேண்டும். கான்கிரீட் போடும் நாளை முதல் நாளே குடியிருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டால், அன்றைக்குப் பிள்ளையைத் தெருவில் விடாமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

ஆனால் இதையெல்லாம் யார் செய்வது? ஒரே நிறுவனம் எல்லா வீட்டையும் கட்டினால் பதில் எளிது. மனைகளாக விற்றுவிட்ட இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு மேஸ்திரி, ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு லாரிக்காரர். சாலை எல்லாருக்கும் பொது, அதனால் யாருக்கும் அதில் பொறுப்பில்லை. பிரிட்டனில் 2015-இல் வந்த கட்டுமான விதிகள், ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்ததாரர் வேலை செய்யும் இடத்தில் முதன்மை ஒப்பந்ததாரர் ஒருவரை எழுத்தில் நியமிக்கச் சொல்கின்றன. நடப்பவர்களும் வண்டிகளும் ஆபத்தில்லாமல் போய்வரும்படி தளத்தை ஒழுங்குபடுத்தச் சொல்கின்றன. சட்டம் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் அதன் உள்ளடக்கம் பொதுவானது. வண்டிகளுக்குப் பொறுப்பாக ஓர் ஆள், அவருக்கு எந்த லாரியையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம், எல்லா வாசலிலும் ஒட்டிய அவருடைய தொலைபேசி எண். குடியிருப்பவர் ஒருவர் "நேற்று லாரி என் பிள்ளையை உரசிக்கொண்டு போனது" என்று சொன்னால், அதை யாரோ ஒருவர் எழுதி வைத்து அடுத்த நாள் வழியை மாற்ற வேண்டும்.

பெரும்பாலான திட்டங்கள் வழுக்குவது கடைசியில். 60 மனையில் 52 கட்டியாகிவிட்டது. பிரதான ஒப்பந்ததாரர் போய்விட்டார், வேலியைப் பிரித்தாகிவிட்டது, சைகை காட்ட ஆள் இல்லை, தற்காலிகச் சாலையில் பூங்கா வந்துவிட்டது. மீதி எட்டு மனைகளின் சொந்தக்காரர்கள் வருஷத்துக்கு ஒருவராகக் கட்டத் தொடங்குகிறார்கள். இப்போது தெரு முழுக்கக் குடும்பங்கள், இருபக்கமும் நிறுத்திய கார்கள், நடுவில் மணல் ஏற்றிய ஒற்றை டிப்பர் ரிவர்ஸில் வருகிறது. இந்த நாளுக்கான ஏற்பாட்டை மனை விற்கும் அன்றே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். எந்த நேரத்தில் லோடு வரலாம், எங்கே இறக்க வேண்டும், சாலை சேதமானால் யார் பொறுப்பு, சைகை காட்ட ஆள் இல்லாமல் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்ற நாலு வரிகள் போதும். முதல் வீடு கட்டியவருக்கு இருந்த அதே நிபந்தனை, பத்து வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கும் அறுபதாவது மனைக்காரரையும் அவருடைய லாரிக்காரரையும் கட்டுப்படுத்த வேண்டும்.